பழைய ஏடுகளிலிருந்து விதிகளைப் பிரித்தெடுப்பது: டேட்டா புரொஃபைலிங் குறித்த முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்பகுதியில் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய பிறகு, அங்கு வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் கணிசமானவை கோயில், சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் அலமாரிகளில்தான் எஞ்சியிருக்கின்றன. மரண சகாய சங்கத்தின் உறுப்பினர் ஏடு, மாதச் சந்தா ஏடு, வாரிசுப் பட்டியல் போன்றவற்றை இளைஞர்கள் இப்போது எக்செலில் ஏற்றி வருகிறார்கள். அது நல்ல வேலை. ஆனால் ஏற்றிய கோப்பை வைத்துக்கொண்டு எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது, எது எதைத் தீர்மானிக்கிறது, எந்தப் பட்டியல் எதனோடு பொருந்துகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. ஏட்டை எழுதிய கிராணி (தோட்ட எழுத்தர்) காலமாகியிருப்பார். தலைப்புகள் பாதி அழிந்திருக்கும். ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டிய சகாயத் தொகை தவறான பதிவால் தாமதமாவது இத்தகைய இடைவெளிகளால்தான். ஆகவே இந்த வேலையை முறையாகச் செய்யும் வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு தரவுத் தொகுப்பை ஆராய்ந்து, அதைப் பற்றிய தகவலை அதிலிருந்தே திரட்டும் செயல்கள் அனைத்தையும் டேட்டா புரொஃபைலிங் என்பார்கள். அப்படித் திரட்டப்படும் தகவலே மெட்டாடேட்டா. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரிலுள்ள ஹாசோ பிளாட்னர் நிறுவனத்தைச் சேர்ந்த பெலிக்ஸ் நவ்மன் குழுவினர் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகிறார்கள். சியாவாஷ் அபெட்ஜான், லூகாஷ் கோலாப், நவ்மன் ஆகிய மூவரும் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இத்துறையின் முறைகளை ஒழுங்குபடுத்தித் தருகிறது. தனி நெடுவரிசையை ஆராய்வது, பல நெடுவரிசைகளைச் சேர்த்து ஆராய்வது, அவற்றுக்கு இடையிலான சார்புகளைக் கண்டறிவது என்று வேலை விரிந்துகொண்டே போகும். கணக்கீட்டுச் சுமையும் அதே வரிசையில் ஏறும்.

விளக்கத்துக்காக மூன்று அட்டவணைகளை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் அட்டவணையில் 12 நெடுவரிசைகள்: உறுப்பினர் எண், பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி, பாலினம், தோட்டம், செக்ரோல் எண் (தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டு எண்), முகவரி, அஞ்சல் குறியீடு, மாநிலம், தொலைபேசி, சேர்ந்த தேதி. மற்ற இரண்டும் சந்தா அட்டவணையும் வாரிசு அட்டவணையும் ஆகும்.

முதல் படி: மூலத்தைத் தொடாமல் பிரதி எடுத்தல்

ஏற்றிய கோப்பின் ஒரு பிரதியை, எவரும் மாற்ற முடியாதபடி, தனியே வைத்துவிட வேண்டும். ஆய்வுக்கான பிரதியில் எல்லா நெடுவரிசைகளையும் எண்ணாக அல்லாமல் எழுத்தாகவே திறக்க வேண்டும். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாடாங் செராயின் அஞ்சல் குறியீடு 09400. எக்செல் இதை எண்ணாகக் கருதினால் முன்னாலுள்ள சுழியம் போய் 9400 ஆகிவிடும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் அடையாள அட்டை எண் சுழியத்தில் தொடங்குவதால், 12 இலக்கம் 11 ஆகவோ 10 ஆகவோ, சில வேளை அதற்கும் குறைவாகவோ சுருங்கும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. 12 இலக்க எண்ணைப் பொது வடிவமைப்பிலுள்ள கட்டத்தில் இட்டால் எக்செல் அதை அறிவியல் குறியீட்டு வடிவில் காட்டும்; அந்நிலையில் கோப்பை சிஎஸ்வி எனும் வெற்றெழுத்துக் கோப்பாகச் சேமித்தால், திரையில் தெரிந்த வடிவமே சேமிக்கப்பட்டுக் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாக அழிந்துவிடும். பிறகு தாள் ஏட்டைத் திறப்பதைத் தவிர வேறு வழி இராது.

தமிழில் உள்ள பெயர்களுக்கும் இதே அளவு கவனம் தேவை. பழைய கோப்புகளில் பல, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியெண் முறையான யூனிகோடுக்கு முந்தியவை. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களின் அக்கால எழுத்துருக்களில் தட்டப்பட்டவை இன்றைய கணினியில் புரியாத குறிகளாகத் தோன்றும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் குறியும் ஆகாரக் காலும் சேர்ந்த இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. என்எஃப்சி எனப்படும் சீராக்கத்தைக் கோப்பு முழுவதற்கும் செய்துவிட்டால் ‘கொடிமலர்’ என்பவர் இரண்டு நபர்களாகப் பிரிய மாட்டார்.

அடையாள அட்டை எண் இருக்கும் கோப்பை இணையத்தில் கிடைக்கும் இலவசக் கருவியில் ஏற்றக் கூடாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளை முன்வைத்து இயற்றப்பட்டது என்றாலும், சங்கத்தை நம்பித் தம் விவரங்களைக் கொடுத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் சட்டத்தோடு முடிவதில்லை. ஆய்வைச் சொந்தக் கணினியிலேயே நடத்துங்கள்.

இரண்டாம் படி: நெடுவரிசையைத் தனியே விசாரித்தல்

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மொத்த மதிப்புகள், வெவ்வேறு மதிப்புகள், வெற்றிடங்கள், மிகக் குறைந்த நீளம், மிக அதிக நீளம், அடிக்கடி வரும் மதிப்புகள், எழுத்து வடிவம் ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும். வடிவம் காண்பதற்கு எல்லா இலக்கங்களையும் 9 என்றும் எல்லா எழுத்துகளையும் ‘அ’ என்றும் மாற்றி, எந்த வடிவம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். மிக எளிய வித்தை இது. தரும் பலனோ மிகப் பெரியது.

அடையாள அட்டை எண் நெடுவரிசையை இவ்வாறு நீளவாரியாகப் பிரித்தால் அதன் வரலாறே வெளிப்படும். 14 எழுத்து நீளம் உள்ளவை நடுக்கோடுகளோடு எழுதப்பட்டவை. 12 நீளம் உள்ளவை கோடில்லாதவை. 11, 10 என வருபவை முன்சுழியம் இழந்த இளையோர். 7 இலக்கம் உள்ளவை, 12 இலக்க முறை 1990ஆம் ஆண்டு நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய பழைய அட்டை எண்கள். 13 என்று வந்தால் மட்டும் அதைத் தட்டச்சுப் பிழை என்று துணிந்து ஒதுக்கி, தாள் ஏட்டோடு ஒப்பிடலாம். ஆக, ஒரே தலைப்பின் கீழ் இரு வேறு எண்முறைகள் இருக்கின்றன என்பது நமக்குக் கிடைக்கும் முதல் மெட்டாடேட்டா. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிக்காமல் மேலே செல்லக் கூடாது.

தேதிகளில் ஆண்டு இரண்டு இலக்கமாக எழுதப்பட்டிருந்தால் நூற்றாண்டு குழம்பும். எக்செலின் வழக்கமான அமைப்பில் 00 முதல் 29 வரை 2000களாகவும் 30 முதல் 99 வரை 1900களாகவும் கொள்ளப்படும். கணினியின் அமைப்பைப் பொறுத்து இந்த எல்லை மாறவும் கூடும். 1928இல் பிறந்த ஒரு மூதாட்டியின் பிறந்த ஆண்டு 2028 என்று பதிவாகியிருந்தால் அதற்குக் காரணம் இதுவே. மிகக் குறைந்த தேதியையும் மிக அதிகத் தேதியையும் பார்த்த உடனே இது பிடிபட்டுவிடும்.

அடிக்கடி வரும் மதிப்புகளின் பட்டியலில்தான் மாறுவேடமிட்ட வெற்றிடங்கள் அகப்படும். தொலைபேசி இல்லாதவருக்கு ஒருவர் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார், மற்றொருவர் ‘தியாடா’ என்று மலாயில் எழுதியிருப்பார், இன்னொருவர் ஒற்றைக் கோடு இட்டிருப்பார், வேறொருவர் சங்கத்தின் எண்ணையே எழுதியிருப்பார். நான்கையும் ஒரே வெற்றிடமாக்க வேண்டும். அதோடு, இரண்டு வெற்றிடங்கள் ஒன்றுக்கொன்று சமமா, சமமில்லையா என்பதையும் இங்கேயே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். சமம் என்றால் தொலைபேசி எண் தனித்துவம் இழக்கும்; சமமில்லை என்றால் அது தனித்துவமானதாகத் தோன்றும். பின்னால் வரும் படிகளின் விடைகள் இந்த ஒரு முடிவால் தலைகீழாகும்.

தோட்டத்தின் பெயருக்குத் தனி உழைப்பு தேவைப்படும். பல தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. தரவைத் தூய்மைப்படுத்த உதவும் ஓப்பன்ரிஃபைன் கருவியின் கொத்தாக்க வசதி எழுத்து வேறுபாடுகளைச் சேர்த்துத் தரும். லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி போன்ற பெயர்களை அருகருகே கொண்டுவந்து காட்டும். ஆனால் ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே தோட்டத்தைக் குறிப்பதை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டு ஒரு பெயர் இணைப்புப் பட்டியல் தயாரித்தே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: தனித்துவத்தைத் தேடுதல்

எந்த நெடுவரிசை, அல்லது எந்த நெடுவரிசைகளின் கூட்டு, ஒவ்வொரு பதிவையும் பிரித்துக் காட்டுகிறது? செக்ரோல் எண்ணை மட்டும் பார்த்தால் அது தனித்துவமானதல்ல. ஒவ்வொரு தோட்டமும் தன் தொழிலாளர்களுக்குத் தனித்தனியே எண் கொடுத்ததால், 47ஆம் எண் பல தோட்டங்களில் இருக்கும். தோட்டம், செக்ரோல் எண் இரண்டையும் சேர்த்தால் பெரும்பாலும் தனித்துவம் வந்துவிடும். பெரும்பாலும் என்று சொல்வது ஏனென்றால், வேலையை விட்டுச் சென்றவரின் எண் புதியவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் அந்தக் கூட்டும் உடையும். அப்போது சேர்ந்த தேதியும் தேவைப்படும்.

12 நெடுவரிசைகளிலிருந்து அமைக்கக்கூடிய கூட்டுகள் 4,095. 20 ஆனால் 10,48,575. அனைத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. ஒரு கூட்டு தனித்துவமானால் அதோடு எதைச் சேர்த்தாலும் தனித்துவமே. ஆகவே அதைவிடப் பெரிய கூட்டுகளை வெட்டிவிடலாம். ஒரு கூட்டு தனித்துவமற்றது என்றால் அதன் உட்கூட்டுகளும் அப்படியே. அந்தச் சிறிய கூட்டுகளையும் வெட்டிவிடலாம். 2013இல் வந்த டக் என்னும் அல்காரிதம் (கணினிக்கான படிமுறை) இந்த இரு வெட்டுகளையும் மாறிமாறிப் பயன்படுத்தித் தேடலைச் சுருக்குகிறது. நம் அளவிலான ஏட்டுக்கு இரண்டு, மூன்று நெடுவரிசைக் கூட்டுகள் வரை பார்ப்பதே போதும் என்பது என் கருத்து. ஐந்து நெடுவரிசைகள் சேர்ந்துதான் ஒரு பதிவு தனித்துத் தெரிகிறது என்றால், அந்தத் தனித்துவம் தற்செயலாக அமைந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

நான்காம் படி: சார்புகளைக் கண்டறிதல்

இதுவே இந்த வேலையின் மையம். ஒரு நெடுவரிசையில் ஒரே மதிப்பைப் பெற்ற பதிவுகள் அனைத்தும் மற்றொரு நெடுவரிசையிலும் ஒரே மதிப்பைப் பெற்றிருந்தால், முதலாவது இரண்டாவதைத் தீர்மானிக்கிறது என்போம். தோட்டம் தெரிந்தால் அஞ்சல் குறியீடு தெரியும். அஞ்சல் குறியீடு தெரிந்தால் மாநிலம் தெரியும். எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுத் தரவு மாதிரியிலிருந்து வளர்ந்த கருத்து இது. 1974இல் ஆம்ஸ்ட்ராங் இதற்கான அடிப்படை விதிகளை வகுத்தார். அவற்றுள் தொடர்ச்சி விதியின்படி, மேலே சொன்ன இரண்டும் உண்மையானால் தோட்டம் மாநிலத்தைத் தீர்மானிப்பதும் தானே உண்மையாகும். ஆகவே அதைத் தனியே பட்டியலிட வேண்டியதில்லை.

1999இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட டேன் அல்காரிதத்தின் வழி மிக அழகானது. அதைத் தாளில் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஆறு பதிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோட்டத்தின்படி பிரித்தால் 1, 2, 5 ஒரு குழு. 3, 4 ஒரு குழு. 6 தனிக் குழு. மொத்தம் மூன்று குழுக்கள். அஞ்சல் குறியீட்டின்படி பிரித்தால் 1, 2, 5, 6 ஆகியவை 09400. 3, 4 ஆகியவை 09600, அதாவது லூனாஸ். மொத்தம் இரண்டு குழுக்கள். இப்போது தோட்டம், அஞ்சல் குறியீடு இரண்டையும் சேர்த்துப் பிரித்தால் மீண்டும் மூன்று குழுக்களே வருகின்றன. தோட்டத்தோடு அஞ்சல் குறியீட்டைச் சேர்த்தும் குழுக்கள் மேலும் உடையவில்லை. எனவே தோட்டம் அஞ்சல் குறியீட்டைத் தீர்மானிக்கிறது. எதிர்த்திசையில், அஞ்சல் குறியீட்டுக் குழுக்கள் இரண்டு. தோட்டத்தைச் சேர்த்தால் மூன்று ஆகிறது. எனவே அஞ்சல் குறியீடு தோட்டத்தைத் தீர்மானிக்கவில்லை. ஒரே ஒரு பதிவு உள்ள குழு எந்தச் சார்பையும் உடைக்க முடியாது என்பதால், அல்காரிதம் அத்தகைய குழுக்களை நினைவகத்திலிருந்தே நீக்கிவிடும். வேகத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

இனி 5ஆம் பதிவில் யாரோ 09600 என்று தவறாகத் தட்டியிருப்பதாகக் கொள்வோம். சேர்த்துப் பிரித்தால் 1, 2 ஒரு குழு, 5 தனி, 3, 4 ஒரு குழு, 6 தனி என நான்கு குழுக்கள் ஆகிவிடும். சார்பு உடைந்தது. ஆனால் ஆறில் ஒரு பதிவை நீக்கினால் மீண்டும் பொருந்திவிடும். இப்படி, சார்பு நிலைபெற எத்தனை பங்கு பதிவுகளை நீக்க வேண்டியிருக்கும் என்பதே பிழை அளவு. இந்த அளவு சிறிதாக உள்ள சார்புகளைத் தோராயச் சார்புகள் என்பார்கள். கைப்பட எழுதி, பிறகு கைப்படத் தட்டிய ஏடுகளில் நாம் தேட வேண்டியவை இவைதாம். துல்லியமான சார்புகளை மட்டும் தேடினால், ஒரு தட்டச்சுப் பிழைக்காக உண்மையான விதி ஒன்றைக் கைவிட்டுவிடுவோம். விதியை உடைக்கும் பதிவுகளின் பட்டியலே திருத்த வேண்டியவற்றின் பட்டியலும் ஆகும்.

12 நெடுவரிசைகளில் சோதிக்க வேண்டிய சார்புகள், தீர்மானிக்கப்படுவது ஒரே நெடுவரிசை என்று கொண்டாலும், 24,564 வரை இருக்கும். பெரிய தொகுப்புகளுக்கு 2016இல் பாப்பன்பிராக், நவ்மன் இருவரும் வெளியிட்ட ஹைஎஃப்டி பொருத்தமானது. அது சில பதிவு இணைகளை ஒப்பிட்டு முதலில் எவை சார்புகள் அல்ல என்று கழித்துவிட்டு, எஞ்சியவற்றை மட்டும் முழுத் தொகுப்பில் சரிபார்க்கிறது.

நெடுவரிசையின் உள்ளே புதைந்திருக்கும் சார்புகளை இக்கருவிகள் தாமாகக் காண மாட்டா. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். எண்ணை இவ்வாறு துண்டுகளாக வெட்டிப் புதிய நெடுவரிசைகளாகச் சேர்த்தபின் ஆய்வை மீண்டும் ஓட்டுங்கள். பெயரின் நடுவே உள்ள ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) என்பதையும் தனியே பிரித்தெடுங்கள். கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது, பெயரின் நடுக்குறி, பாலினம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தீர்மானிக்கும் சார்புகள் உடனே தோன்றும். மூன்றில் இரண்டு ஒத்துப்போய் ஒன்று மட்டும் மாறுபட்டால், பிழை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கும் துப்பு கிடைத்துவிடும். நடுக்குறியே இல்லாத பெயர்களும் உண்டு. அவர்களுக்கு இச்சார்பு பொருந்தாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுத வேண்டும். இவ்வாறு பதிவுகளின் ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்துபவையே நிபந்தனைச் சார்புகள்.

பிறந்த இடக் குறியீட்டில் எச்சரிக்கை தேவை. கெடாவுக்கு 02, பினாங்குக்கு 07, பேராக்குக்கு 08. பாடாங் செராய்ப் பகுதியில் வாழ்பவர் எல்லாருக்கும் 02 இருக்கும் என்று தரவு காட்டினாலும் அதை விதியாக்கக் கூடாது. பினாங்கு எல்லை அருகில் இருப்பதால், அங்குள்ள மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்கு 07 வரும். அஞ்சல் குறியீட்டிலும் இதே நிலைதான். முதல் இரு இலக்கங்கள் மாநிலத்தைத் தீர்மானிக்கின்றன என்று உங்கள் கோப்பு முழுக்கக் காட்டலாம். ஆனால் பண்டார் பாரு கெடாவில் இருந்தும் அதன் குறியீடு 34950, பேராக்கின் வரிசையில் வருகிறது. அங்கிருந்து ஓர் உறுப்பினர் சேரும் நாளில் உங்கள் விதி ஒரு சரியான பதிவைப் பிழை என்று தள்ளிவிடும். தரவில் காணப்படும் சார்பு, இதுவரை அதற்கு மாறான பதிவு வரவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

ஐந்தாம் படி: அட்டவணைகளை இணைத்துப் பார்த்தல்

சந்தா அட்டவணையிலுள்ள உறுப்பினர் எண்கள் அனைத்தும் உறுப்பினர் அட்டவணையில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே உள்ளடங்கல் சார்பு. ஸ்பைடர் என்னும் அல்காரிதம் ஒவ்வொரு நெடுவரிசையின் மதிப்புகளையும் வரிசைப்படுத்தி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேலிருந்து கீழாக வாசித்து, எது எதனுள் அடங்கவில்லை என்று கழித்துக்கொண்டே போகும். சிறிய ஏட்டுக்கு எக்செலின் கவுண்ட்இஃப் சூத்திரமே போதும்.

போலி உள்ளடங்கல்கள் இங்கே ஏராளமாக வரும். வாரிசு அட்டவணையில் பிள்ளைகளின் எண்ணிக்கை 0 முதல் 9 வரை இருக்கும். செக்ரோல் எண்களிலும் 1 முதல் 9 வரை இருக்கும். சுழியம் இல்லாத கோப்பில் முன்னது பின்னதனுள் அடங்கிவிட்டதாகக் கருவி அறிவிக்கும். அதற்குப் பொருள் ஏதுமில்லை. மாறாக, சந்தா செலுத்தியிருந்தும் உறுப்பினர் ஏட்டில் எண் இல்லாத சில பதிவுகள் கிடைத்தால், அவற்றை முதலில் கவனியுங்கள். பணம் கட்டிய ஒருவர் பட்டியலில் விடுபட்டிருக்கிறார் என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும்.

ஆறாம் படி: அறிந்தவரிடம் தீர்ப்பு கேட்டல்

கருவி தந்த சார்புகளை அப்படியே ஏற்காமல், ஒவ்வொன்றையும் எளிய வாக்கியமாக எழுதி, பழைய கிராணியிடமோ சங்கத்தின் மூத்த செயலாளரிடமோ வாசித்துக் காட்ட வேண்டும். “ஒரு குடும்பத்துக்கு ஒரே உறுப்பினர் எண்தானா ஐயா?” என்று கேட்டால், “கல்யாணம் ஆன மகன் தனியாகக் கட்டினால் அவனுக்கு வேறு எண் கொடுப்போம்” என்ற பதில் வரலாம், எந்த அல்காரிதமும் தராத மெட்டாடேட்டா அது. பெயரின் மேல் சிவப்பு மையில் இழுத்த இரட்டைக் கோடு இறப்பைக் குறித்ததா, தோட்டத்தை விட்டுச் சென்றதைக் குறித்ததா என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். தட்டச்சு செய்தபோது அந்தக் கோடு கோப்புக்குள் வராமலே போயிருக்கும். அதற்கொரு புதிய நெடுவரிசை சேர்ப்பது இப்போதும் முடியும்.

ஏற்கப்பட்ட விதிகளை ஒரு தனித் தாளில் எழுதுங்கள்: நெடுவரிசையின் பெயர், பொருள், ஏற்கத்தக்க வடிவம், வெற்றிடத்தின் பொருள், அது சார்ந்திருக்கும் நெடுவரிசை, விதிவிலக்குகள், உறுதி செய்தவர், உறுதி செய்த நாள். நிராகரித்த சார்புகளையும் காரணத்தோடு எழுத வேண்டும். இல்லையேல் அடுத்து வருபவர் அதே போலிச் சார்பைக் கண்டுபிடித்து மீண்டும் அதே கேள்வியோடு பெரியவர்களிடம் போவார்.

கருவிகளைப் பொறுத்தவரை, நெடுவரிசை அளவிலான ஆய்வுக்கு ஓப்பன்ரிஃபைனும், பைத்தான் நிரல்மொழி அறிந்தவர்களுக்கு ஒய்டேட்டா புரொஃபைலிங்கும் நன்றாக உதவும். சார்புகளைத் தேட ஹாசோ பிளாட்னர் நிறுவனத்தின் மெட்டாநோம், திறமூலமான டெஸ்போர்டான்டே ஆகிய இரண்டும் உள்ளன. எதுவும் தெரியாதவர் எக்செலின் பிவோட் டேபிளில் தோட்டத்தை இடப்பக்கமும் அஞ்சல் குறியீட்டை மேல்பக்கமும் வைத்தால், ஒரே தோட்டத்துக்கு இரண்டு கட்டங்களில் எண் விழும் இடங்களை வெறும் கண்ணாலேயே காணலாம். தொடங்குவதற்கு அது போதும். சந்தா ஏட்டின் புதிய பக்கங்கள் ஏற்றப்படும் ஒவ்வொரு முறையும், விதித் தாளில் உள்ளவற்றை அப்புதிய பதிவுகளின் மேல் ஓட்டி, உடையும் பதிவுகளை அந்த வாரமே தாள் ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்திவிட வேண்டும்.